ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூட வரும் ஒருவர்

சட்டம், அரசாணை என்று பார்த்தால் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு நம் ஊரில் பெரிய குறை ஒன்றும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் 21 ஆயின. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இதில்தான் சேர்ந்தன. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைக் குடும்பமே முடிவு செய்யலாம். தமிழக அரசு தன் பங்குக்கு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது; 2023 ஜனவரிக்கு முன் இது 1,500. டவுன் பஸ்ஸில் குழந்தைக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் கிடையாது. ஒன்றியத்துக்கு ஒன்று என்று வட்டார வள மையம் (பி.ஆர்.சி.), அதில் சிறப்புப் பயிற்றுநர், பிசியோதெரபிஸ்ட், அவ்வப்போது மருத்துவ முகாம்.

பிறகு ஏன் கடலூர் மஞ்சக்குப்பத்தில், கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் நாளில், இடுப்பில் பிள்ளையும் கையில் மனுவுமாக அம்மாக்கள் வரிசையில் நிற்கிறார்கள்?

மேலே சொன்னதில் எதுவும் தானாக வீடு தேடி வருவதில்லை. சான்றிதழ் சுகாதாரத் துறை கையில். உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கையில். பள்ளிச் சேர்க்கையும் சிறப்புப் பயிற்றுநரும் கல்வித் துறை. வருமானச் சான்று வேண்டும் என்றால் வருவாய்த் துறை. ஒரு துறை கேட்கும் தாளை இன்னொரு துறை தர வேண்டும். இந்தத் துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது குறைவு. நடுவில் நடந்து நடந்து செய்தி சொல்பவர் பிள்ளையின் தாய்தான். கடலூர் மாவட்டத்தின் வடிவமும் இதற்கு உதவுவதில்லை. தலைநகரம் கிழக்கே கடலோரத்தில் ஒரு முனையில் இருக்கிறது. திட்டக்குடி மேற்கே மறுமுனையில். அங்கிருந்து ஒரு கையெழுத்துக்காக வந்து போனால் அன்றைய கூலி போச்சு. டவுன் பஸ் இலவசம் என்று சொன்னேன் இல்லையா, திட்டக்குடியிலிருந்து வருவது டவுன் பஸ் இல்லை. புறநகர்ப் பேருந்துக்கு விதி வேறு, அதற்குக் காட்ட வேண்டிய தாளும் வேறு.

ஒரு சின்ன இடத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்து ரேகையை மழுங்கடித்துவிடும். இ-சேவை மையத்தில் மெஷின் மேல் விரலை வைத்தால் எடுக்காது. துடைத்து வைத்தாலும் எடுக்காது. இது அம்மாவின் பாடு. பிள்ளைக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ஆதாரில் கைரேகையையும் கருவிழியையும் பதிவு செய்ய வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளை கேமராவைப் பார்த்து அசையாமல் உட்காராது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் மடங்கிய விரல் கண்ணாடியில் படியாது. பதிவு எடுக்க முடியாதவர்களுக்கு விலக்கு தந்து சேர்த்துக்கொள்ள ஆதார் விதிகளிலேயே இடம் இருக்கிறது. அதைக் கவுன்டரில் நின்று நிதானமாகச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் அன்றே வேலை முடியும். இல்லாவிட்டால் "அப்புறம் வாங்கம்மா". ஆதார் சரியாக இல்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. அட்டை நகராது. அட்டை நகராவிட்டால் மற்ற எல்லாம் நிற்கும்.

அப்படிச் சொல்ல ஒரு ஆள். தன்னார்வலர் என்று நான் இங்கே பேசுவது அவரைத்தான். அன்னதானம் போடுபவர், பிறந்த நாளுக்குச் சிறப்புப் பள்ளியில் கேக் வெட்டி போட்டோ எடுத்துக்கொள்பவர், இவர்கள் எல்லாம் நல்லவர்களாகவே இருக்கலாம்; இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது இல்லை.

இந்த யோசனை புதிதும் இல்லை. 1978இல் பிரிட்டனில் மேரி வார்னாக் தலைமையிலான குழு சிறப்புத் தேவைக் கல்வி பற்றி அறிக்கை தந்தபோது, ஒவ்வொரு பெற்றோருக்கும் பெயர் சொல்லி அணுகக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும் என்றது. பிற்பாடு அது வளர்ந்து, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் பெற்றோரோடு பள்ளிக் கூட்டங்களுக்குப் போவது, கடிதம் எழுத உதவுவது, அறிக்கைகளைப் படித்து விளக்குவது என்று ஒரு முறையாகவே ஆனது. அவர்கள் பள்ளியின் ஆளும் இல்லை, அதிகாரியின் ஆளும் இல்லை. 1971இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரத்தில் இன்னொரு வழி பிறந்தது: இந்தப் பாதையில் கொஞ்ச தூரம் போய்விட்ட பெற்றோரை, அப்போதுதான் டாக்டர் வாயால் செய்தி கேட்டு வந்த பெற்றோரோடு சேர்த்துவிடுவது. குறைபாடு ஒன்றாக இருக்க வேண்டும், முடிந்தால் பிள்ளைகளின் வயதும் ஒத்துப்போக வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

நம் பக்கத்திலும் பெற்றோர்தான் தொடங்கினார்கள். 1985இல் சென்னையில் வித்யாசாகர் அமைப்பைத் தொடங்கிய பூனம் நடராஜன் தானும் அப்படி ஒரு குழந்தையின் தாய். பின்னாளில் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைக்கே தலைவரானார். 1989இல் தி.நகரில் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், பிள்ளையை விட்டுவிட்டுப் போகாமல் தாயும் கூடவே உட்கார்ந்து பழக வேண்டும் என்ற முறையில் நடந்தது. சென்னையின் டிஸ்லெக்சியா சங்கமும் 1990களின் தொடக்கத்தில் எழுந்ததுதான். 1995இல் நாடு முழுவதும் உள்ள பெற்றோர் சங்கங்கள் சேர்ந்து 'பரிவார்' என்ற கூட்டமைப்பை உருவாக்கின. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: இவை பெரும்பாலும் பெருநகரங்களில் வளர்ந்தவை. கடலூரிலிருந்து சென்னை போகும் வழியில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. அங்கே போய் வந்தவர்கள் நல்லபடியாகச் சொல்கிறார்கள். ஆனால் குறிஞ்சிப்பாடியில் நாற்று நடப் போகும் ஒரு பெண் வாராவாரம் முட்டுக்காட்டுக்குப் போக முடியாது. அவளுக்கு வேண்டியவர் இரண்டு தெரு தள்ளி இருக்க வேண்டும்.

சரி, இரண்டு தெரு தள்ளி இருக்கும் அந்த அக்கா என்ன செய்வார்?

முதலில் ஃபைல். சிரிக்க வேண்டாம், பாதிச் சிக்கல் அங்கேதான் அவிழும். பெரும்பாலான வீடுகளில் பிள்ளையின் தாள்கள் ஜவுளிக்கடைப் பையில், பீரோவின் மேல்தட்டில், ரேஷன் கார்டோடு மடித்துக் கிடக்கும். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தந்த டிஸ்சார்ஜ் சம்மரி மங்கிப்போயிருக்கும். அது மூளை முடக்குவாதக் குழந்தைக்கு முக்கியமான தாள். பிறந்ததும் அழுததா, எத்தனை நாள் இன்குபேட்டரில் இருந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அதை முதல் வேலையாக நகல் எடுக்க வேண்டும், போனிலும் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். பிறகு பிறப்புச் சான்று, ஆதார், ஐ.கியூ. டெஸ்ட் அறிக்கை, ஆட்டிசம் என்றால் அதற்கான மதிப்பீட்டு அறிக்கை, யூ.டி.ஐ.டி. அட்டை, பாஸ்புக் முதல் பக்கம், பள்ளியில் தந்த படிப்புச் சான்று. எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருக்கிறதா? பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒரு கவரில் பத்து. மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்கி அதன் மேல் தேதி எழுதி அதையும் உள்ளே. கடைசியில் ஒரு கோடு போட்ட நோட்டு: எந்தத் தேதி எங்கே போனோம், யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள். "போன தடவ இன்னா சொன்னாங்கன்னே மறந்துட்சிக்கா" என்ற பேச்சு அதன்பின் வராது.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு நுணுக்கம். ஒரு முறை வாங்கிவிட்டால் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறையின்படி அறிவுசார் குறைபாட்டுச் சான்றை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். கற்றல் குறைபாட்டுக்கோ 8 வயதுக்கு முன் சான்றே கிடையாது. 14இலும் 18இலும் மறுபடி பார்ப்பார்கள். 18இல் தருவதுதான் ஆயுளுக்கும். 2024இல் அந்த நெறிமுறைக்குப் பதில் புதியது வந்திருக்கிறது, அதனால் வயதை ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இதைத் தெரிந்த ஒருவர் பிள்ளைக்கு ஒன்பது வயது முடியும்போதே "அடுத்த வருஷம் ரினியூவல் இருக்கு" என்று நினைவூட்டுவார். தெரியாத வீட்டில் உதவித்தொகை ஒரு மாதம் நின்ற பிறகுதான் விசாரிப்பார்கள்.

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளின் வீடுகளில் வேறு மாதிரிப் பிரச்சினை. பிள்ளை நன்றாகப் பேசும், கடைக்குப் போய் மீதிச் சில்லறை சரியாக வாங்கி வரும், எழுதச் சொன்னால் மட்டும் எழுத்து தலைகீழாகும். 'சோம்பேறி' என்று பேர் வாங்கியிருக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் உண்டு. சான்றோடு பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பரில் ஓடினால் தாமதம். ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பிக்கச் சொல்ல ஒருவர் வேண்டும்.

அடுத்தது பள்ளிக்குக் கூடப் போவது. என் பார்வையில் தன்னார்வலரின் வேலையிலேயே மிகப் பலன் தருவது இதுதான். மிகக் கவனமாகச் செய்ய வேண்டியதும் இதுதான்.

பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பு டீச்சரோ தலைமை ஆசிரியரோ அம்மாவைக் கூப்பிட்டு, முகத்தைக் கடுமையாக்காமல், அன்பாகவே சொல்வார்: "கொஞ்ச நாள் வீட்டுலயே வச்சிருந்து பாருங்கம்மா. பக்குவம் வந்ததும் கூட்டிட்டு வாங்க." அம்மா தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள். அந்தக் கொஞ்ச நாள் நான்கு வருடமாகும். வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் இருக்கும், பிள்ளை இருக்காது. தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். இங்கே யாரும் நீக்கவே இல்லையே, வீட்டில் வைத்திருங்கள் என்றுதானே சொன்னார்கள்?

பழகிய தன்னார்வலர் இங்கே சண்டைக்குப் போக மாட்டார். "சரிங்க டீச்சர், அதையே ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க, நாங்க பி.ஆர்.சி.யில காட்டிக்கிறோம்" என்பார். யாரும் எழுதித் தர மாட்டார்கள். ஆனால் அந்த இடத்தில்தான் உண்மையான பேச்சு தொடங்கும். டீச்சருக்கும் நியாயமான பயம் உண்டு. முப்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவன் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடினால்? கழிப்பறைக்கு யார் கூட்டிப் போவது? மதியம் சத்துணவு நேரத்தின் இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறானே? இவை எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். முதல் மாதம் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் வரட்டும், சாப்பாட்டுக்கு முன் அம்மா கூட்டிப்போகட்டும், வாசலுக்குத் தள்ளி உட்காரட்டும், சிறப்புப் பயிற்றுநர் வரும் கிழமை தெரிந்து அன்று முழு நாளும் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிவெடுக்கலாம். யார் என்ன செய்வதாகச் சொன்னார்கள், எந்தத் தேதிக்குள் என்பதைத் தன்னார்வலர் நோட்டில் எழுதிக்கொள்வார். கிளம்பும் முன் "ஒரு தடவை படிச்சுக் காட்டட்டுமா டீச்சர்?" என்று கேட்டுப் படிப்பார். அந்தப் படிப்புக்கு இருக்கும் மரியாதை தனி.

இதில் பேச வேண்டியவர் அம்மாதான். தன்னார்வலர் அதிகம் பேசினால் அடுத்த முறை பள்ளியில் அம்மாவை விட்டுவிட்டு அவருக்கே போன் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து மூன்று விஷயம் மட்டும் எழுதிக்கொண்டு போவது நல்லது. மூன்றுக்கு மேல் எழுதினால் ஒன்றும் நடக்காது.

பேசியும் நடக்கவில்லை என்றால் அடுத்த படிகள் உண்டு. 2016 சட்டத்தின் விதிகள் 2017இல் வந்தன. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளின் சேர்க்கையையும் பள்ளி வசதிகளையும் கவனிக்கவென்றே ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. அதற்கு மேல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். விசாரணையில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள சில அதிகாரங்கள் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவும் இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். சிறப்புத் தேவையுள்ள பிள்ளையின் அம்மா ஒருவர் அந்தக் குழுவில் உட்கார்ந்துவிட்டால் வெளியிலிருந்து மனு எழுதும் வேலை பாதியாகக் குறையும்.

யார் நல்ல தன்னார்வலர்? ஒமாஹாக்காரர்கள் கண்டதுதான் இங்கும்: இதே வழியில் போய் வந்த இன்னொரு தாய். ஓய்வு பெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் பயன்படுவார்கள், மனு எழுதவும் ஆன்லைனில் விண்ணப்பம் ஏற்றவும் அவர்கள் கெட்டி. ஆனால் பிள்ளை ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து சிரித்துக்கொண்டே குதிக்கும்போது என்ன செய்வது என்று கேட்க இன்னொரு தாய்தான் வேண்டும். "எங்க வீட்லயும் அப்படித்தான் இருந்துச்சு" என்று அவர் சொல்லும் பதிலை ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி சொல்ல முடியாது.

அந்தத் தாயிடமும் ஒரு ஆபத்து இருக்கிறது. தன் பிள்ளைக்குப் பலித்ததை எல்லாப் பிள்ளைக்கும் சொல்லிவிடுவார். எந்த டாக்டர், எந்த மாத்திரை, கோதுமையை நிறுத்தினால் ஆட்டிசம் சரியாகுமா, எந்தக் கோயிலில் மொட்டை போடலாம் என்று பேச்சு போகும். கோயிலுக்குப் போவது அவரவர் விருப்பம். மருந்தை நிறுத்தச் சொல்வது அப்படி இல்லை. வலிப்பு மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தினால் பிள்ளை ஐ.சி.யூ.வில் கிடக்கும். எனவே பயிற்சியில் முதல் பாடமாக, என்ன சொல்லக் கூடாது என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மருந்து பேசக் கூடாது. பிள்ளை எப்போது நடப்பான், எப்போது பேசுவான் என்று நாள் குறிக்கக் கூடாது. எந்தப் பள்ளி என்று முடிவெடுக்கக் கூடாது.

இன்னொன்று, வாயைக் கட்டுவது. நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. வீட்டில் கல்யாண வயதில் அக்கா இருப்பாள். மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் தம்பியைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடும் குடும்பங்கள் நெல்லிக்குப்பத்திலும் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு. அதைச் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குப் போய் வரும் தன்னார்வலர் தெருக்குழாயில் ஒரு வார்த்தை விட்டாரானால், அதன்பின் அந்தக் கதவு அவருக்குத் திறக்காது. வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் அறிக்கையைப் போட்டோ எடுத்துப் போடுவதும் இதே தப்புதான். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், தினமும் செய்கிறார்கள்.

அப்பாக்களைப் பற்றி ஒரு வரி. கடலோர ஊர்களில் பல அப்பாக்கள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். வீடியோ காலில் பிள்ளை நன்றாகத்தானே சிரிக்கிறான் என்பார்கள். உள்ளூரில் இருப்பவர்களிலும் முகாமுக்கு வருபவர்கள் குறைவு. ஒரு அப்பா தன்னார்வலராக வந்துவிட்டால் அவரை விட்டுவிடாதீர்கள். மற்ற அப்பாக்களிடம் டீக்கடையில் பேச அவரால்தான் முடியும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். தன்னார்வலர் சிறப்பாசிரியர் இல்லை. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தைச் சொன்னது. 2025இல் பணியிடங்களை அறிவிக்கும்படி மாநிலங்களிடம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. களத்தில் இன்னும் ஒரு சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு டூவீலரில் சுற்றுகிறார், அதுவும் தொகுப்பூதியத்தில். இந்த ஓட்டையைத் தன்னார்வலரை வைத்து அடைக்கும் ஆசை எந்த நிர்வாகத்துக்கும் வரும். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குப் பெண்கள் எவ்வளவு உழைத்தார்கள் என்பதை நாம் பார்த்தோம். அவர்கள் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், அது அவர்களால் முடிந்தது. விறைத்த காலை நீவிவிடுவது அப்படி இல்லை. தெரியாத கை வலித்து இழுத்தால் மூட்டு நழுவும். விழுங்கத் திணறும் குழந்தைக்குப் படுக்க வைத்துப் பால் புகட்டினால் நுரையீரலுக்குப் போகும். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவர்களும் பிசியோதெரபிஸ்ட்டும் செய்ய வேண்டியதை அவர்களே செய்ய வேண்டும். அவர்கள் வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுதிக் கேட்பதே தன்னார்வலரின் வேலை.

வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளின் நிலை தனி. கடுமையான பல்வகைக் குறைபாடு உள்ள குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வி பெறும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தந்தது. பயிற்றுநர் வந்து போகும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் தாயும் பிள்ளையும் நான்கு சுவரும்தான். இந்தத் தாயிடம் என்ன உதவி வேண்டும் என்று கேட்டால் பணம் என்று முதலில் சொல்வதில்லை; ஒரு கல்யாணத்துக்குப் போய் வர வேண்டும், தனக்குப் பல்வலி, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பார். இரண்டு மணி நேரம் பிள்ளையோடு உட்கார, பிள்ளைக்குப் பழகிய ஒரு முகம் வேண்டும். தமிழ்நாட்டில் எந்தத் திட்டமும் சரியாகத் தொடாத இடம் இது என்று நினைக்கிறேன். தன்னார்வலர்கள் தனியாகச் செய்யக் கூடாது, இருவராகப் போக வேண்டும், முதல் சில முறை தாயும் கூட இருக்க வேண்டும். இது பிள்ளையின் பாதுகாப்புக்கு.

கடலூரில் இன்னொரு காரணமும் உண்டு. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல், 2015 வெள்ளம். ஒவ்வொரு முறையும் மக்களை மண்டபத்துக்கும் பள்ளிக்கும் கூட்டிப்போகிறார்கள். கூட்டமும் சத்தமும் தாங்காத பிள்ளை, வலிப்பு மாத்திரை தவறக் கூடாத பிள்ளை, தூக்கித்தான் கொண்டுபோக வேண்டிய பதினைந்து வயதுப் பிள்ளை இவர்களுக்கு அந்த மண்டபம் எப்படி இருக்கும்? "நாங்க வரல, நீங்க போங்க" என்று தண்ணீரோடு வீட்டிலேயே இருந்துவிடும் குடும்பங்களில் இப்படிப்பட்ட வீடுகளும் இருக்கும். தேவனாம்பட்டினத்திலோ முதுநகரிலோ எந்தத் தெருவில் எந்த வீட்டில் இப்படி ஒரு பிள்ளை என்று தெரிந்த ஒரு தன்னார்வலர், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒரு மாத மாத்திரையும் ஃபைலின் நகலும் பிளாஸ்டிக் பையில் தயாரா என்று பார்த்துவிட்டு வரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த வீட்டைச் சொல்லி வைக்கலாம், குடும்பம் சம்மதித்தால்.

எல்லைப் பிரச்சினையையும் சொல்லிவிட வேண்டும். கடலூர்க்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஜிப்மர். காலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. வைத்தியத்துக்கு எல்லை தடை இல்லை. உதவித்தொகைக்கும் பள்ளிச் சலுகைக்கும் எல்லை உண்டு. புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்குத் தனி அரசு, தனி உதவித்தொகை, தனி விதி. கல்யாணமாகி புதுச்சேரியின் பாகூர் பக்கம் போன பெண், பிள்ளையோடு அம்மா வீட்டில், கடலூர் மாவட்டத்து ரெட்டிச்சாவடியில் இருப்பாள். ரேஷன் கார்டு ஒரு பக்கம், பள்ளி மறு பக்கம். எந்தப் பக்கம் விண்ணப்பித்தாலும் அந்தப் பக்கம் போங்கள் என்பார்கள். முதலில் முகவரியை ஒரு பக்கமாக்குங்கள் என்று சொல்ல எல்லையை அறிந்த ஆள் வேண்டும். இரண்டு பக்கத் தன்னார்வலர்களும் ஒருவர் போன் எண்ணை மற்றவர் வைத்திருந்தாலே நிறைய நடக்கும்.

18 வயது என்பது பெரும்பாலோர் யோசிக்காத இன்னொரு எல்லை. அன்றோடு பெற்றோர் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் இல்லை. வங்கிக் கணக்கு, சொத்து எதிலும் கையெழுத்து யார் போடுவது? ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வக் காப்பாளர் சான்று வாங்கலாம். கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு, தெரபிச் செலவு உட்பட. வக்கீலுக்குப் பணம் கொடுத்த பிறகு இதைக் கேள்விப்படுபவர்கள் உண்டு.

தொடங்க நினைப்பவர்களுக்கு இடம் தேட வேண்டியதில்லை. வட்டார வள மையத்தில் மருத்துவ முகாம் நடக்கும் நாளில் ஒரு பெஞ்ச், இரண்டு தன்னார்வலர்கள், ஒரு ஜெராக்ஸ் கடையோடு பேசி வைத்த கணக்கு. வரிசையில் காத்திருக்கும் மூன்று மணி நேரத்தில் ஃபைலைப் பிரித்துப் பார்த்துவிடலாம். அமைப்பு, பதிவு, லெட்டர்ஹெட் எல்லாம் பிறகு. தன்னார்வலர் என்றால் கைக்காசு போட வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பஸ் கட்டணம், போன் ரீசார்ஜ், ஒரு டீ, இவற்றுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். இல்லாவிட்டால் வசதியானவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். முந்திரிக் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டு இன்னொரு தாய்க்காக வரத் தயாராக இருப்பவள் மூன்றாவது மாதம் நின்றுவிடுவாள்.